ஓசூரில் உழைக்கிறவர்கள் ஓசூரைப் பற்றி எழுதட்டும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கும், தொழிலாளர் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஓசூர் வட்டாரத்தில் நெடுநாளாகப் பகுதி நேர நிருபராக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் நாளிதழ்களுக்குப் போகும் செய்திகளைக் கத்தரித்து வரிசையாக ஒட்டிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை காவல் நிலையத்திலோ அரசு மருத்துவமனைப் பிணவறையிலோ பிறந்தவை என்பது தெரியவரும். சாரம் சரிந்து விழுந்தவர், குவாரியில் கல் உருண்டு இறந்தவர், கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபட்டவர், ஏரியில் குளிக்கப் போய் மூழ்கியவர். பெயர், வயது, மாநிலம் என்று மூன்று விவரங்கள் இருக்கும். அதில் பெயர் பாதி நேரம் தப்பாக இருக்கும். அவர்கள் வாயால் சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இருக்காது. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களும், பாகலூர், பேரிகை, தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ரோஜா அறுப்பவர்களும், பர்கூர் வட்டாரத்தில் கிரானைட் பாளங்களோடு மல்லுக்கட்டுபவர்களும், மாங்காய்ப் பருவத்தில் மாங்கூழ் ஆலைகளில் விடிய விடிய நிற்பவர்களும் நம் செய்தித்தாள்களில் செத்தாலோ சிக்கினாலோதான் இடம்பெறுகிறார்கள்.

என் கோரிக்கை இதுதான். இந்த இரண்டு மாவட்டங்களில் வேலை செய்கிற வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும், மறுவாழ்வு முகாம்களில் வாழ்கிற இலங்கைத் தமிழர்களுக்கும் சமூக இதழியல், அதாவது தங்கள் வாழ்க்கையைத் தாங்களே செய்தியாக்கும் பயிற்சி தர நிர்வாகம் முன்வர வேண்டும். ஆனால் எழுதிய பிறகு அவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு அதைத் தொடங்க வேண்டும். பதில் இல்லாமல் தொடங்கினால் அது பொன்னாடை, டீ, போண்டா, சான்றிதழ், குழுப் புகைப்படம் என்று ஒரே மாலையில் முடிந்துபோகும். அப்படிப்பட்ட மாலைகளுக்குச் செய்தி எழுதியே என் பேனாவில் பாதி மை தீர்ந்திருக்கிறது.

இதற்கு என்ன தேவை என்று கேட்பவர்களுக்கு, மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறை, ஆறு பெண்கள், பகல் ஷிப்ட் முடித்து வருபவர் படுக்கிற பாய், இரவு ஷிப்டுக்குப் போகிறவர் அப்போதுதான் சுருட்டி வைத்த பாய். அவர்களில் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் தன் செல்போனைத் திறந்து சம்பளச் சீட்டுகளின் படங்களைக் காட்டினார். மாதம் தவறாமல் எடுத்து வைத்திருந்தார். சம்பளம் 14,000 ரூபாய், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.-க்குப் பிடித்தம் 105 ரூபாய். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் என்ற கணக்கில் பைசா பிசகாமல் சரியாக இருந்தது. இ.எஸ்.ஐ. எண் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் எல்லாச் சீட்டிலும் காலியாக இருந்தது. எண் இல்லாமல் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் அவரை யாரும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை. ஒப்பந்தக்காரரிடம் கேட்டதற்கு, "வரும்" என்று சொன்னாராம். தொழிலாளியிடம் பிடித்த 105 ரூபாயும், அதற்கு மேல் முதலாளி தரப்பு கட்ட வேண்டிய மூன்றே கால் சதவீதமும் எங்கே போயின என்பது நல்லதொரு செய்திக்குரிய கேள்வி. அந்தப் பெண்ணுக்கு ஆவணம் சேர்க்க யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே சேர்த்திருக்கிறார். அந்தக் கேள்வியை யாரிடம், எந்த அலுவலகத்தில் கேட்பது, குற்றம் சாட்டப்படுபவரின் பதிலை எப்படி வாங்கிப் போடுவது, பக்கத்து அறைகளில் இதே குறை எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எப்படிச் சரிபார்ப்பது, தன் பெயர் வெளியே வராமல் எப்படி எழுதுவது என்பவைதான் அவருக்குத் தெரியவில்லை. பயிற்சி என்று நான் சொல்வது இந்த நான்கையும்தான். கேமரா கோணமும் தலைப்பு அலங்காரமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த லைன் வீட்டின் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பழுப்புக் கறை படிந்த பல்லோடு எத்தனை பேர் நம்மோடு பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்கள். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் புறநகரில் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குழாயை உள்ளே இழுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் போர்வெல் தண்ணீரையே ஏற்றிவிட்டு வாடகை வாங்குகிறார்கள்? மலையோர ஊற்று நீர் குடித்து வளர்ந்தவர், இங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று நம்புகிறார். கொதித்தால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்து, அதன் முடிவை ஒடியாவிலும் இந்தியிலும் அஸ்ஸாமியிலும் அந்தந்த வரிசை வீட்டுக்காரர்களுக்குச் சொல்வது எந்த நாளிதழும் செய்யாத வேலை. அங்கே குடியிருப்பவர் ஒருவர் அதை ஒரே வாரத்தில் செய்துவிடலாம்.

இதை நிர்வாகத்தின் நன்மைக்காகவும் கேட்கிறேன். 2023 மார்ச் மாதம் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக, வேறு ஆட்களுக்குள் நடந்த சண்டைகளின் காட்சிகள் அவை. அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மறுப்பு வெளியிட்டார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. எல்லாம் சரிதான். ஆனால் ஹோலிக்காக ஊருக்குக் கிளம்பிய கூட்டத்தைப் பார்த்து, பயந்து ஓடுகிறார்கள் என்று செய்தி போனபோது, "நான் பண்டிகைக்குத்தான் போகிறேன், பத்து நாளில் திரும்பிவிடுவேன்" என்று அவர்கள் மொழியில், அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தால் பாட்னாவில் இருந்த தாய்மார்கள் அதை நம்பியிருப்பார்கள். காக்கிச் சட்டை தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்கிற மறுப்பு, சொந்த மாவட்டத்துக்காரர் சொல்கிற ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. ஒரு வீடியோ எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த சிலர் ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் இருந்திருந்தால், அந்த வதந்தியின் ஆயுள் குறைந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் நமக்குத் தெரியாததன்று. அரூர், பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளிலிருந்து பெங்களூரின் கட்டடங்களுக்கும் கேரளத்துக்கும் போகாத குடும்பம் குறைவு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் கடத்த வந்தவர்கள் என்று 20 பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களில் நம் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். முதல் செய்தி அந்த மாநிலக் காவல்துறையின் வாயிலிருந்து வந்தது. அது சொன்ன கதைதான் சில நாட்களுக்கு நாடு முழுவதும் ஓடியது. உழைக்கப் போன இடத்தில் தன் தரப்பைச் சொல்ல ஆளில்லாமல் போவது எப்படி இருக்கும் என்று தருமபுரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு இது புதிய தொழிலும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போன கோ. நடேசய்யர், தேயிலைத் தோட்டங்களுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள் என்பதால் துணி வியாபாரியாக வேடமிட்டு உள்ளே நுழைந்து கூலிகளின் நிலைமையைப் பார்த்து எழுதினார். 1920-களில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய ஏடுகளை நடத்தினார். கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கப்பலேறிப் போன நம் பாட்டன்மாருக்குப் பேச ஒரு ஏடு வேண்டியிருந்தது என்றால், ரயிலேறி வந்த இவர்களுக்கும் வேண்டியிருக்காதா? அதே சிங்கப்பூரில் வங்கதேசத் தொழிலாளர்களுக்காக 2006 முதல் பங்ளார் கண்ட என்ற வங்காள ஏடு வெளிவந்தது. ஜெர்மனிக்கு அகதியாகப் போன செய்தியாளர்கள் அரபியிலும் பாரசீகத்திலும் பெர்லின் நகரச் செய்திகளை எழுதுகிற அமல் பெர்லின் 2017-இல் தொடங்கியது. நம் நாட்டிலேயே உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002-இல் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய கபர் லஹரியா, தலித் பெண்களும் அதிகம் படிக்காத பெண்களும் முறையான பயிற்சி கிடைத்தால் மாவட்ட நிர்வாகத்தையே பதில் சொல்ல வைக்க முடியும் என்று காட்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட தென்கொரியாவின் அனுபவம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. 2005-இல் சியோலில் புலம்பெயர் தொழிலாளர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். பல மொழிகளில் செய்தி போட்டார்கள், மற்றவர்களுக்குப் படம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் முன்னணியில் நின்றவர் நேபாளத்தைச் சேர்ந்த மினோத் மொக்தான். பல ஆண்டுகள் கொரியாவில் உழைத்தவர், பாடகர். விசாக் காலம் முடிந்தும் தங்கியிருந்தார் என்று 2009-இல் அவரைப் பிடித்து நாடு கடத்திவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரியாகவே இருக்கலாம். ஆனாலும், பேசக் கற்றுக்கொடுத்த ஒரு சமூகத்திடம் அரசு சொல்லாமல் சொன்ன செய்தி என்னவென்று அங்கிருந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் புரிந்திருக்கும்.

நம் ஊரில் நாடு கடத்த வேண்டிய அவசியமே இல்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் வேலை போய்விடும். விடுதி கம்பெனியுடையதாக இருந்தால் அன்று மாலையே அறையும் போய்விடும். எழுதியதற்காக வேலை பறிக்கப்பட்டால் எந்த அதிகாரியிடம் முறையிடலாம், எத்தனை நாளில் விசாரிக்கப்படும் என்பதை ஆட்சியரின் சுற்றறிக்கையாக எழுதி, பயிற்சியின் முதல் நாளுக்கு முன்பே ஒவ்வொரு ஆலைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அனுப்ப வேண்டும். அது இல்லாத பயிற்சிக்கு நான் யாரையும் அழைத்து வர மாட்டேன்.

கூடவே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து அடையாள அட்டை கொடுக்காதீர்கள். 'பிரஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியில் குவாரிக்கும் மண் அள்ளும் இடத்துக்கும் போய்ப் பணம் வாங்கித் திரிகிறவர்களால் எங்கள் தொழில் படும் அவமானம் போதும். அட்டை வந்தால் அதை வாங்கித் தருவதாகச் சொல்லி வசூலிக்கிற தரகரும் பின்னாலேயே வந்துவிடுவார். செய்தி சரியாக இருந்தால் அதுவே அவர்களுக்கு அட்டை. அதே போல் வகுப்பறைக்குள் காவல்துறை வர வேண்டாம். கெட்ட எண்ணம் எதையும் சொல்லவில்லை. ஆனால் தொழிலாளர் விவரம் சேகரிக்கிற படிவத்தோடு ஒரு காவலர் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டால், பயிற்சி பெறுபவர்கள் தகவல் சொல்லிகளாகவே பார்க்கப்படுவார்கள். பிறகு அவர்களிடம் சக தொழிலாளி வாயே திறக்க மாட்டார்.

முகாம்களின் நிலை வேறு. ஊத்தங்கரை அருகே பாம்பாறு அணை, தருமபுரிப் பக்கம் தும்பலஹள்ளி என்று அணைக்கரைகளில் 1990-லிருந்தும் அதற்கு முன்பிருந்தும் வாழ்கிறவர்களுக்கு மொழிச் சிக்கல் கிடையாது. நம்மைவிட நல்ல தமிழில் எழுதுகிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் மூன்றாவது பிரிவு அந்த உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. முகாமில் பிறந்து, இங்கேயே பட்டம் படித்து முடித்த ஒரு பெண், தன் தெருவின் கழிவறைக்கு ஒதுக்கிய நிதி எங்கே போனது என்று பத்து ரூபாய் கட்டி மனுப் போட முடியாது. பீகார்த் தொழிலாளிக்கு இருக்கும் அந்தக் கருவி இவருக்கு இல்லை. எனவே முகாம்வாசிகள் கேட்கும் கேள்விகளுக்கு, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அதே 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருவோம் என்று ஆட்சியர் அலுவலகம் தானாக முன்வந்து அறிவிக்கலாம். வருகைப் பதிவும் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பும் பழகிப்போனவர்கள் அவர்கள். கேள்வி கேட்டால் குறித்துவைத்துக் கொள்வார்கள் என்ற பயம் போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எதில் வெளியிடுவது? சமுதாய வானொலி என்று உடனே யோசனை வரும். இந்தியாவின் முதல் சமுதாய வானொலி 2004-இல் நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியதுதான் என்றாலும், சமுதாய வானொலிக்குத் தரும் உரிமத்தில் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. ஆகாசவாணியின் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவே. எனவே சத்தீஸ்கரில் 2010 முதல் சிஜிநெட் ஸ்வரா செய்து காட்டிய வழி பொருத்தமாகப் படுகிறது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணினி திருப்பி அழைக்கும். கூப்பிட்டவருக்குக் காசு செலவில்லை. தன் மொழியில் சொல்ல வேண்டியதைப் பதிவு செய்யலாம். ஆசிரியர் குழு அதைச் சரிபார்த்த பிறகு மற்றவர்கள் அதே எண்ணில் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்தி தரலாம் என்பது இதில் பெரிய வசதி. சரிபார்க்கிற குழுவில் ஒடியா, இந்தி, வங்காளம், அஸ்ஸாமி தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். குழந்தைகள், பாலியல் குற்றத்துக்கு ஆளானவர்கள் ஆகியோரின் அடையாளம் வெளியாகக் கூடாது என்ற சட்டத்தை அக்குழு கண்டிப்பாகக் காக்க வேண்டும். அரசு அதிகாரி அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. பதில் சொல்லும் இடத்தில் இருந்தால் போதும். இப்போது திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வந்து வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணில் பதிவாகும் குறைகளை மாதம் ஒரு முறை துறைவாரியாகப் பிரித்துப் பதில் தந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் 2025-இல் அரசே ஓர் இதழியல் நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து மாதம் இரண்டு பேர் ஓசூருக்கு ரயிலேறினால் போதும். சட்ட வகுப்பை இலவசச் சட்ட உதவி மையத்து வழக்கறிஞர்கள் எடுக்கலாம். உள்ளூர் நிருபர்கள் சிலர் சம்பளம் வாங்காமல் வரத் தயாராக இருக்கிறோம். ஆனால் பயிற்சிக்கு வருபவர்களைச் சம்பளம் இல்லாமல் உட்கார வைக்காதீர்கள். வகுப்புக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவர்கள் இழக்கிற கூலியைக் கொடுங்கள். மூன்று ஷிப்ட் ஊரில் ஞாயிறு காலை பத்து மணி வகுப்பு என்பது இரவு வேலை முடித்தவரைத் தூங்கவிடாமல் செய்வது. எனவே ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் இரு முறை நடத்த வேண்டும். பெண்கள் விடுதிகளில் வெளியே போகக் கையெழுத்து, திரும்பி வரக் கையெழுத்து, வார்டன் மனசு என்று தடைகள் இருப்பதால், பெண்களுக்கான வகுப்பை விடுதிக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் வைத்து, அனுமதிக் கடிதத்தை மாவட்ட நிர்வாகமே கொடுப்பது நல்லது.

முதல் கட்டமாக ஓசூர் சிப்காட், பாகலூர் வட்டாரம், பாம்பாறு அணை முகாம், தும்பலஹள்ளி முகாம் ஆகிய நான்கு இடங்களில் தொடங்கலாம். மாங்காய்ப் பருவம் ஆரம்பித்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்பதால், அதற்கு முன்பே சுற்றறிக்கை வெளிவந்தால் அவர்களில் சிலரையும் சேர்த்துக்கொள்ளலாம். வர விரும்புகிறவர்களின் பெயர்கள் சில என்னிடம் இருக்கின்றன. சுற்றறிக்கையைக் கண்ணால் பார்த்த பிறகு, அவர்கள் சம்மதித்தால், தருகிறேன்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு பகுதி நேர நிருபர்